பொருநைக் கரையில் – 12: தர்மக் கணக்கில் ஒரு பாலம்

சென்ற அத்தியாயத்தில் மிஷனரி இரேனியஸ் ஐயரைப் பாளையங்கோட்டையில் விட்டுவிட்டு வந்தோம். 1832-இல் வெளிவந்த அவருடைய ‘பூமி சாஸ்திரம்’ உலகத்தின் தேசங்களைத் தமிழில் வரிசையாக எடுத்துச் சொன்ன நூல். அதைப் படித்த பிள்ளைக்கு அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியும். ஆனால் ஐப்பசி அடைமழையில் அதே பிள்ளை இரண்டு மூன்று மைல் தள்ளியிருந்த திருநெல்வேலிக்குப் போக வேண்டுமென்றால், ஆற்றங்கரையில் ஓடத்துக்குக் காத்துக் கிடக்க வேண்டும். ஓடக்காரர் “இன்னைக்கு முடியாது” என்று கையை விரித்தால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். உலகம் உருண்டை என்ற செய்தி கப்பலேறி வந்து சேர்ந்துவிட்டது. தாமிரபரணியைத் தாண்டத்தான் வழி பிறக்கவில்லை.

இரேனியஸ் 1838-இல் காலமானார். அடுத்த ஐந்து ஆண்டுகளில் அந்த வழி பிறந்தது. அதற்குப் பணம் போட்டது மிஷனும் இல்லை, கம்பெனி சர்க்காரும் இல்லை. கலெக்டர் கச்சேரியில் வேலை பார்த்த ஓர் உத்தியோகஸ்தர்.

வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களுக்கு இன்று ஆறு கண்ணில் படாது. மேம்பாலம், ஜவுளிக்கடை, ஹோட்டல், ஹாரன் சத்தம். இவற்றுக்குப் பின்னால் பேராத்துச் செல்வி அம்மன் கோயில் பக்கம் நடந்தால் ஆறு வந்துவிடும். துணி வெளுக்கிறவர்களின் பேட்டை ஆற்றை ஒட்டித்தானே இருக்க முடியும்? இதை ஒட்டினாற்போல் கொக்கிரகுளம். அங்கேதான் கலெக்டர் ஆபீஸ். எதிர்க்கரையில் மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை. அதற்கு அப்பால் டவுன்.

இந்த இரண்டு கரைக்கும் குணம் வேறு. டவுன் பக்கம் நெல்லையப்பர் கோயில், ரதவீதிகள், நெல் வியாபாரம், வட்டிக்கடை. பாளையங்கோட்டைப் பக்கம் கோட்டை, பட்டாளம், வெள்ளைக்கார அதிகாரிகள், மிஷன் பள்ளிக்கூடங்கள். வியாபாரமும் சாமியும் ஒரு கரையில், அதிகாரமும் அச்சுப் புத்தகமும் மறுகரையில். வழக்கு இருக்கிறவன், வரி கட்டுகிறவன், மனுக் கொடுக்கிறவன் எல்லோரும் ஆற்றைத் தாண்டியாக வேண்டும். தாமிரபரணியோ கோடையில் மணலாகிவிடுகிற ஆறு இல்லை. பொதிகையில் ஆனி, ஆடிச் சாரலுக்கு ஒரு தண்ணீர், ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு இன்னொரு தண்ணீர். ஒன்று கார் சாகுபடிக்கு, மற்றது பிசானத்துக்கு. விவசாயிக்கு இரட்டைக் கொடை. அக்கரைக்குப் போகிறவனுக்கு இரட்டைத் தொல்லை.

அன்றைக்கு ஒரு காரியத்துக்கு நாள் குறிப்பதென்றால் பஞ்சாங்கத்தோடு ஆற்றையும் பார்த்தாக வேண்டும். ‘தண்ணி வடிஞ்சதும் வாரேன்’ என்பது நியாயமான தவணை. யாரும் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்ததில்லை. வேலைக்கு ஒரு மணி உண்டு, அந்த மணிக்கு ஆள் வந்து நின்றாக வேண்டும் என்ற எண்ணம் இப்படியொரு ஊரில் வேர்விடவே முடியாது. கச்சேரிகளும் பள்ளிக்கூடங்களும் அந்த எண்ணத்தைத்தான் கொண்டுவந்து நட்டுக்கொண்டிருந்தன. ஆறு அதை ஆண்டுக்கு இரண்டு தடவை பிடுங்கிப் போட்டது.

1840-இல் பாலத்துக்கான பேச்சு தொடங்கியது. படகில் ஏறும் இடத்தில் நடந்த நெரிசலும் அடிதடியும் கலெக்டரின் காதுக்கு எட்டியதால்தான் தொடங்கியது என்று ஊரில் ஒரு கதை உண்டு. மதிப்பீடு சுமார் அரை லட்சம் ரூபாய். கம்பெனி இந்த மாதிரிச் செலவுக்குக் கையை நீட்டுகிற சர்க்கார் இல்லை. வரி வசூலிக்க இருந்த ஆர்வம் பாதை போடுவதில் இல்லை. 1852-இல் சென்னை மாகாணத்தின் பொதுப்பணிகளை ஆராய்ந்த கமிஷனின் அறிக்கையே சாலைகளும் பாசன வேலைகளும் கவனிப்பாரற்றுக் கிடந்ததைச் சொல்கிறது. ஆகவே கலெக்டரின் யோசனை ஊரில் நன்கொடை திரட்டுவதாக இருந்தது.

இந்த இடத்தில் வருகிறார் சுலோசன முதலியார். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தார். அதாவது இந்தியர் ஒருவர் அங்கே எட்டக்கூடிய உச்சப் பதவி. கணக்கும் தஸ்தாவேஜும் அவர் கையைத் தாண்டாமல் துரையிடம் போகாது. தொண்டைமண்டலத்திலிருந்து வந்து இங்கே நிலைத்த குடும்பம். இவருடைய தகப்பனார் ராமலிங்க முதலியார், 1799-இல் கம்பெனிப் படையின் மேஜர் பானர்மன் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குத் தூது அனுப்பிய அதே துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், என்று சொல்வார்கள். தகப்பன் கம்பெனியின் நாக்காக இருந்த காலம் போய், மகன் கம்பெனியின் கணக்குப் பேனாவாக இருந்த காலம் அது.

பாலத்துக்கான முழுச் செலவையும் தானே தருவதாக முதலியார் சொன்னார். தந்தார். மனைவியின் நகைகளும் அதில் சேர்ந்தன என்று வாய்வழிக் கதை பலவிதமாக வளர்ந்திருக்கிறது. கதையை விடுவோம். சிரஸ்தார் ஒருவரிடம் அரை லட்சம் ரூபாய் எப்படிச் சேர்ந்தது என்று கேட்கிற வாசகர் கட்டாயம் இருப்பார். கேட்கட்டும், கம்பெனிக் கச்சேரிகளைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விதான் அது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்தப் பணம் போன திசை.

அந்தக் காலத்தில் நாலு காசு சேர்ந்த மனிதர் என்ன செய்வார்? கோயிலில் ஒரு மண்டபம். ஆற்றில் ஒரு படித்துறை. சாலையோரம் சத்திரம், தண்ணீர்ப்பந்தல். இந்த ஆற்றங்கரை முழுவதும் அப்படிப்பட்ட தர்மங்களால் ஆனதுதான். பாபநாசம் தொடங்கிக் கீழே வரை, கல் மண்டபம் இல்லாத துறையை எண்ணித்தான் சொல்ல வேண்டும். புண்ணியம் தேடுகிறவனுக்கும் பெயர் தேடுகிறவனுக்கும் அது பழகிய வழி. முதலியார் அந்தப் பழைய கணக்கில் ஒரு புதிய இனத்தை எழுதினார். வளைவுக் கணிதமும் நிலப்படமும் மதிப்பீட்டுத் தாளும் கொண்ட ஒரு பொறியியல் வேலையைத் தர்மமாக ஏற்றுக்கொண்டார். விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் வெளியிலிருந்து வந்து நம் எண்ணத்தை மாற்றின என்றே வரலாற்றுப் புத்தகங்கள் எழுதுகின்றன. இந்த ஆற்றில் நடந்தது அதற்கு நேர் எதிர்வழி. பழைய எண்ணம்தான் பணம் கொடுத்துப் புதிய தொழில்நுட்பத்தைக் கூட்டி வந்தது. பாலம் வந்த பிறகு அது எண்ணத்தை மாற்றத் தொடங்கியது என்பது உண்மை. ஆனால் அது இரண்டாவது கட்டம்.

1843 நவம்பரில் பாலம் திறந்தது. நீளம் 760 அடி, அகலம் 21½ அடி, 60 அடி விட்டத்தில் 11 வளைவுகள். கேப்டன் ஃபேபர், ஹார்ஸ்லி என்ற இரண்டு பொறியாளர்களின் பெயர்கள் இந்தப் பாலத்தோடு சேர்ந்து வரும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 11 வளைவுக்கு 660 அடி போனால் மிச்சம் 100 அடி. நடுவிலுள்ள 10 தூண்களுக்குப் பங்கிட்டால் ஆளுக்குப் பத்தடி. அந்தப் பத்தடிக் கனத்தை வீண் என்று நினைக்க வேண்டாம். வளைவு தன் பாரத்தை நேரே கீழே இறக்குவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். இடப்பக்கத்து வளைவு தள்ளுவதை வலப்பக்கத்து வளைவு தாங்கிப் பிடிக்கும். ஒரு வளைவு விழுந்தால் அண்டையிலுள்ளதுக்கும் ஆபத்து. அதனால்தான் தூண் தடிமன்.

லண்டனில் தேம்ஸ் மேலிருந்த வாட்டர்லூ பாலத்தின் சாயல் இதற்கு உண்டு என்று சொல்வது வழக்கம். இரட்டைத் தூண் அலங்காரத்தைப் பார்த்தால் தெரியும். ஆனால் கல்லைத் தாண்டி ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிது. ஜான் ரென்னி கட்டி 1817-இல் திறந்த அந்த லண்டன் பாலம் ஒரு கம்பெனியின் முதலீடு. பங்குதாரர்கள் பணம் போட்டார்கள். நடந்து போகிறவரிடமும் காசு வாங்கினார்கள். 1878 வரைக்கும் அந்தச் சுங்கம் இருந்தது. லாபத்துக்கென்று கட்டிய ஒன்றின் உருவத்தை இரவல் வாங்கி, இங்கே தர்மத்துக்கென்று கட்டினார்கள். இன்னொரு செய்தியும் உண்டு. தேம்ஸின் நீரோட்டம் அடித்தளத்தை அரித்து, ரென்னியின் பாலம் தளர்ந்துபோய், 1930களில் அதை இடித்தே விட்டார்கள். நம்முடையது நிற்கிறது.

இந்தப் பாலத்தை ‘வெள்ளைக்காரன் கட்டினது’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. பணத்தைச் சொல்லவில்லை, அறிவைச் சொல்கிறேன். மணல் படுகையில் கல் கட்டடம் நிற்க வேண்டுமென்றால் அஸ்திவாரம்தான் எல்லாம். ஐரோப்பாவில் படித்துவிட்டு வந்த பொறியாளருக்கு இந்த நாட்டு ஆற்று மணல் புதிது. 1836-இல் கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன், பல ஆண்டுகள் கழித்து 1874-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்: ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இந்த நாட்டுப் பழைய அணைகளைப் பார்த்துத்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம் என்று. கல்லணையைக் கட்டியவர்கள் கணிதச் சூத்திரம் எழுதி வைக்கவில்லை. அணையை வைத்துவிட்டுப் போனார்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர் படித்துக்கொண்டார்.

நம் ஊரிலேயே அப்படியொரு பாடம் ஆற்றின் நடுவில் இருக்கிறது. பாலத்துக்கு மேற்பக்கம் சற்றுத் தூரத்தில் குறுக்குத்துறை முருகன் கோயில். ஆற்றுக்குள் பாறையைப் பிடித்துக் கட்டியது. தண்ணீர் வருகிற பக்கத்துச் சுவர் படகின் முனை போல் கூராக இருக்கும். வெள்ளம் வந்து முட்டினால் இரண்டாகப் பிரிந்து போகும். உற்சவரை மேலே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், மூலவர் தண்ணீருக்குள் இருப்பார். வடிந்த பிறகு சேற்றைக் கழுவிவிட்டு பூஜை நடக்கும். வெள்ளத்தை எதிர்த்து நிற்காமல் வழிவிட்டு நிற்பது என்ற யோசனை, பாலத்துத் தூணின் முன்மூக்கிலும் அதேதான். எந்த யோசனை எங்கிருந்து எங்கே போனது என்று நூல் பிடித்துக் காட்ட முடியாது. ஒரே ஆறு இரண்டு கொத்தனாரிடமும் ஒரே பதிலை வாங்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

பாலம் திறந்ததும் ஊர் ஒன்றாகிவிட்டதா? அவ்வளவு லேசில் இல்லை.

பாலத்தின் மேல் போகிறவன் எந்தச் சாதி, எந்த மதம் என்று கல் கேட்பதில்லை. பாலத்தைத் தாண்டி டவுனுக்குள் போனால் தெரு கேட்டது. 1858 டிசம்பரில், கிறிஸ்தவர் ஒருவரின் பிரேதத்தை டவுனின் பெரிய தெரு வழியாக எடுத்துப் போகலாமா கூடாதா என்று தகராறு மூண்டது. கலகமாகி, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பாலம் கட்டிப் பதினைந்து ஆண்டு ஆகியிருந்தது. பொதுவழி என்பது எல்லோருக்கும் உரியது என்ற எண்ணத்தை 21½ அடி அகலத்துக்குச் சுண்ணாம்பிலும் கல்லிலும் கட்டிக் காட்டியாயிற்று. அந்த எண்ணம் நடந்து ரதவீதிக்குப் போய்ச் சேர எத்தனை காலம் பிடித்தது என்பது தனிக் கதை. சில தெருக்களைப் பற்றிக் கேட்டால், போய்ச் சேர்ந்துவிட்டது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

அடுத்த சோதனை ஆற்றிடமிருந்து வந்தது. 1869-இல் பெருவெள்ளம் பாலத்தைச் சேதப்படுத்தியது. 1871-இல் சரிசெய்து முடித்தார்கள். இந்த இரண்டு தேதிகளுக்கும் 1843-க்கும் இடையில் மாறியிருந்ததைப் பார்க்க வேண்டும். 1850களில் மராமத்து வேலை தனி இலாகாவாகிவிட்டது. 1866-இல் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் தனித்தனியாக நகராட்சிகள் வந்துவிட்டன. 1871-இலேயே உள்ளூர் நிதிச் சட்டம் வந்து, சாலைக்கென்று நிலத்தின் மேல் தனித் தீர்வை விழுந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வேலை சர்க்கார் செலவில் நடந்துகொண்டிருந்தது. ஒரு தலைமுறைக்குள் பாலம் என்பது ஒரு தனவந்தரின் புண்ணியம் என்ற நிலை மாறி, வரி கட்டுகிறவனுக்குச் சர்க்கார் செய்ய வேண்டிய கடமை ஆனது. ‘ஏன் இன்னும் ரோடு போடலை?’ என்று கேட்கும் குரல் பிறந்தது அப்போதுதான். முதலியாரிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்க முடியாது. தர்மத்தை வாங்கிக்கொள்ளலாம், கேள்வி கேட்க முடியாது. வரிக்குத்தான் கேள்வி உண்டு. நான் இந்த மாற்றத்தை நல்லதென்றே எண்ணுகிறேன், முதலியார் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும்.

1876-இல் மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில் வந்தது. ஸ்டேஷன் வைத்த இடம் டவுனும் இல்லை, பாளையங்கோட்டையும் இல்லை. பாலத்தின் மேற்கரைப் பக்கம். பழைய கால அட்டவணைகளில் அதன் பெயர் ‘திருநெல்வேலி பிரிட்ஜ்’. நாம் இன்று ஜங்ஷன் என்கிற ஊரே அதற்குப் பின் முளைத்ததுதான்.

ரயிலோடு வந்த இன்னொரு சரக்கு, சென்னை நேரம். கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் சென்னையில் கட்டிய வானாய்வுக்கூடம் நட்சத்திரங்களைப் பார்த்து நேரம் கணித்தது. தந்திக் கம்பி அதை ஊர் ஊராக அனுப்பியது. ரயில்கள் அந்த நேரத்தில் ஓடின. திருநெல்வேலி, சென்னைக்கு மேற்கே ஏறக்குறைய இரண்டரைப் பாகை தள்ளி இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்றால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஸ்டேஷன் கடிகாரம் பன்னிரண்டு அடித்துவிடும். 1906-இல் இந்திய நேரம் வந்ததும் இன்னும் ஒன்பது நிமிடம் கூடியது. ஆகப் பத்தொன்பது. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். ஏறக்குறைய முக்கால் நாழிகையை ஊர் விட்டுக் கொடுத்திருக்கிறது. கோயிலில் உச்சிக்காலம் ஒரு நேரம், ரயிலுக்கு உச்சி வேறு நேரம். ஜோசியர் ஜாதகம் கணிக்கும்போது இந்தக் கணக்கை இன்றும் கழித்துத்தான் போடுகிறார். மற்றவர்கள் எல்லோரும் மறந்தே போனோம். ஆற்றின் நேரத்திலிருந்து விடுவித்துக் கடிகாரத்தின் நேரத்துக்கு ஊரை ஒப்படைத்த வேலையில் பாலம் பாதி, ரயில் பாதி.

அதன் பிறகு பாலத்தின் மேல் போனது பெரும்பாலும் பள்ளிக்கூடப் பைகள். 1878-இல் டவுன் பக்கம் இந்துக் கல்லூரி உருவானது. அதே காலத்தில் பாளையங்கோட்டையில் தூய யோவான் கல்லூரி. 1895-இல் பெண்களுக்குச் சாராள் தக்கர் கல்லூரி. இந்தப் போக்குவரத்தில் ஒருவரைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். வண்ணார்பேட்டையில் இளமையைக் கழித்த சொ. விருத்தாசலம், பின்னாளில் புதுமைப்பித்தன். பள்ளிப் படிப்பு பாளையங்கோட்டைக் கிறிஸ்தவப் பள்ளியில். கல்லூரி அக்கரையில் இந்துக் கல்லூரி. மிஷன் ஒரு கரை, சைவம் மறுகரை என்று இருந்த ஊரில், இரண்டையும் பார்த்து இரண்டையும் நம்பாமல் சிரிக்கிற ஓர் எழுத்து இந்த நடுப்பேட்டையிலிருந்து கிளம்பியதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவர் மேதைமைக்குப் பாலம் காரணம் என்று சொல்ல வரவில்லை. தினமும் இரண்டு உலகத்துக்கும் நடந்து போய்வர ஒரு வழி இருந்தது, அவ்வளவுதான்.

சட்டத்தின் கணக்கில் மட்டும் இரண்டு ஊரும் இரண்டாகவே நீடித்தன. 1994-இல்தான் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் எல்லாம் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆயின. பாலம் திறந்து 150 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு. கல்லைவிடக் காகிதம் கடினமான பொருள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை அண்மைக் கதை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசையே தண்ணீர் சூழ்ந்தது. அந்த நாட்களில் எல்லார் கையிலும் போன், போனில் செயற்கைக்கோள் படம், அணையிலிருந்து எத்தனை கன அடி என்ற கணக்கு. ஆனாலும் தெருவில் கேட்டுக்கொண்டது வேறு அளவுகோலை வைத்துத்தான்.

“அண்ணாச்சி, தைப்பூச மண்டபம் முங்கிட்டா?”

“அது ராத்திரியே முங்கிட்டு. குறுக்குத்துறைக் கோயில்ல கோபுரந்தான் தெரியுதாம்.”

“அப்பம் பாலத்துக்குப் பக்கத்துல வந்திருக்கும்லா?”

கைலாசபுரத்துத் தைப்பூச மண்டபம், முன்பு சொன்ன ஆற்றங்கரைத் தர்ம மண்டபங்களின் வகைதான். வெள்ளமானி வேலைக்கு யாரும் அதை நியமிக்கவில்லை. ஆனால் கன அடிக் கணக்கைக் காலுக்கடியில் உள்ள தண்ணீராக மாற்றிச் சொல்ல ஊருக்குத் தெரிந்த அளவுகோல் அதுதான். எண்ணைத் தந்தது கருவி, அந்த எண்ணுக்குப் பொருளைத் தந்தது மண்டபம். இரண்டும் வைத்திருக்கிற ஊர் கொஞ்சம் பிழைத்துக்கொள்ளும். எண்ணை மட்டும் நம்பி ஆற்றங்கரையில் கட்டடம் எழுப்பிய பேட்டைகள் அந்த இரண்டு நாளில் பட்டது நமக்குத் தெரியும்.

ஆற்றைத் தாண்டிய கதை இத்துடன் போதும். ஆற்றையே வேலைக்கு வைத்த கதை மேலே, மலையடிவாரத்தில் இருக்கிறது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்துக்கு வந்து, அருவியின் விசையை வைத்துப் பஞ்சாலை ஓட்டினார்கள். வயலில் வேலை செய்துகொண்டிருந்த கிராமங்கள் சங்குச் சத்தத்துக்கு எழுந்திருக்கப் பழகின. அடுத்த அத்தியாயத்தில் விக்கிரமசிங்கபுரம் போவோம்.